யானைக்கும் செந்நாய்க்கும் போர் மூண்டால் குடும்பம் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி இது. பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பதின்ம வயதினருக்காக ஒரு மாயப்புனைவு நாவல் எழுதுகிறார். அஞ்செட்டிக் காட்டு யானைக் கூட்டத்துக்கும் ஒரு செந்நாய்க் கூட்டத்துக்கும் கோடையில் கடைசி நீர்நிலைக்காகப் போர் மூள்கிறது. விலங்குகள் பேசும், கொஞ்சம் மந்திரமும் உண்டு. 12 அத்தியாயம் முடிந்திருக்கிறது. படித்தவர்கள், "சண்டை நன்றாக இருக்கிறது, குடும்பக் காட்சி வந்தால் பக்கத்தைத் தள்ளத் தோன்றுகிறது" என்கிறார்கள். பாசத்தைக் குறைத்துவிடலாமா, தாயை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடலாமா, எதிரித் தலைவன் உடன்பிறந்தவன் என்று கடைசியில் காட்டலாமா என்று கேட்கிறார்.

குறைக்க வேண்டாம். படித்தவர்கள் சொன்னதை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் கதையில் சண்டை நடக்கும்போது குடும்பம் காணாமல் போகிறது, குடும்பம் வரும்போது சண்டை நின்றுபோகிறது. இப்படி மாறி மாறி வந்தால் வாசகர் தனக்குப் பிடித்ததைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டத்தான் செய்வார். விலங்குப் போர்க்கதையில் பாசம் சினிமாவில் நடுவே வரும் பாட்டு மாதிரி இருக்கக்கூடாது. யார் எங்கே நிற்பது, எந்த வழியில் பின்வாங்குவது, எந்த நேரத்தில் தாக்குவது என்பதையெல்லாம் தீர்மானிப்பதே அதுவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது யாரை விட்டுவிட்டு ஓடாது? அந்தப் பதிலில் இருந்துதான் போர்த் திட்டம் பிறக்கும்.

உங்கள் கதையில் இது இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. எழுதி முடித்த போர் அத்தியாயம் ஒன்றை எடுத்து, அதில் வரும் உறவுச்சொற்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள். அம்மா, தம்பி, மகள் என்று வரும் இடங்களில் 'வீரர்' என்று எழுதிக்கொண்டு மறுபடி படியுங்கள். சண்டையின் போக்கும் முடிவும் துளியும் மாறாமல் ஓடினால் அந்த அத்தியாயத்தில் குடும்பம் வெறும் ஒட்டு. ஏதாவது ஓர் இடத்தில், "இந்த வீரர் ஏன் இப்போது போய்த் திரும்பி ஓடுகிறார்?" என்று கதை புரியாமல் தடுக்கினால், அங்கே பாசம் வேலை செய்கிறது என்று பொருள். ஒரு போருக்கு இப்படி ஓர் இடமாவது வேண்டும். மூன்றைத் தாண்டினால் போரே குழம்பிவிடும்.

கோளாறு பெரும்பாலும் குடும்பத்தை அமைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அப்பா யானை கூட்டத்தின் தலைவன், அம்மா யானை பாசக்காரி, கூடவே இரண்டு குட்டிகள் என்று எழுதிவிடுகிறோம். காட்டில் அப்படி ஒரு யானைக் குடும்பம் கிடையாது. கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அவளோடு அவள் தங்கைகள், மகள்கள், மகள்களின் கன்றுகள் இருப்பார்கள். ஆண் கன்று 10 வயதிலிருந்து 15 வயதுக்குள் கூட்டத்தை விட்டு விலகி, தனியாகவோ வேறு ஆண்களோடு சேர்ந்தோ திரியத் தொடங்கும். கன்றுகளின் தகப்பன் என்பவன் வந்து சேர்ந்துவிட்டுப் போய்விடும் வெளி ஆண். சினை 18 முதல் 22 மாதம். பிறந்த கன்று 100 கிலோ அளவில் இருக்கும், சில மணி நேரத்தில் நடந்துவிடும், ஆனால் இரண்டு வயதைத் தாண்டியும் பால் குடிக்கும். ஒரு தாய்க்கு அடுத்த கன்று வர நான்கைந்து ஆண்டு ஆகும். அதனால் போரில் ஒரு கன்று போனால் அந்தத் தாயின் வாழ்க்கையில் அத்தனை ஆண்டும் போகிறது. இந்தக் கணக்கு வாசகருக்குத் தெரிந்தால் போதும், தாய் அழுவதைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய பாத்திரம் சும்மாவே கிடைக்கிறது: தாய்மாமன். கூட்டத்தை விட்டுப் போன ஆண் யானை யார்? அவன் அக்கா தங்கைகளின் கன்றுகளுக்கு மாமன். தருமபுரிப் பக்கம் காது குத்தும்போது பிள்ளையை யார் மடியில் உட்காரவைக்கிறோமோ அந்த உறவு. அப்பாவைத் தலைவனாக நிறுத்தி எழுதிய இடங்களையெல்லாம் அழித்துவிட்டு, 14 வயதில் போய்விட்ட தம்பியை 30 வயதில் திரும்ப வரவையுங்கள். ஆசிய யானைகளில் நீண்ட தந்தம் ஆணுக்கு மட்டும்தான். ஆகவே உங்கள் கூட்டத்திடம் போருக்கு இருப்பது எடை, கால், தும்பிக்கை. கொம்பு இருப்பவன் வெளியே இருக்கிறான். அவனைக் கூப்பிட வேண்டும், ஆனால் அவனுக்கு மதம் பிடித்திருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வடிகிற வாரங்களில் அவனைக் கன்றுகள் பக்கத்தில் விடலாமா கூடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே கூட்டத்தை நடத்தும் பெரியாத்தாவுக்கும் அவள் மகளுக்கும் ஓர் அத்தியாயம் முழுக்க வாக்குவாதம் எழுதலாம், அந்த வாக்குவாதமே போர் ஆலோசனையாகவும் இருக்கும். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் மாமனை மக்னாவாக, தந்தமில்லாத ஆணாகப் படையுங்கள். எல்லோரும் கொம்பை எதிர்பார்த்துக் காத்திருக்க, அவன் வெறும் தலையோடு வந்து நிற்பான்.

செந்நாய்ப் பக்கம் குடும்பம் நேர் எதிர். ஒரு கூட்டத்தில் பொதுவாக ஒரு சோடிதான் குட்டி போடும். மற்றவை அந்தக் குட்டிகளுக்குப் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன் முறை. வேட்டைக்குப் போனவை இரையை விழுங்கிக்கொண்டு வந்து குட்டிகளுக்கும், வளையில் காவலிருந்த தாய்க்கும் கக்கிக் கொடுக்கும். பெரிய குட்டிகள் கூட வந்தால் இரையில் முதல் வாய் அவற்றுக்குத்தான். கூட்டத்தை விட்டுப் பிரிந்து போவது பெரும்பாலும் பெண்கள், அதனால் கூட்டத்தில் ஆண்கள் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆக, ஒரு பக்கம் தாய்வழிக் கூட்டம், மறுபக்கம் பங்காளிகள் கூட்டம். உங்கள் போர் தண்ணீருக்காக மட்டும் நடக்கவில்லை, இரண்டு விதமான குடும்பங்கள் மோதுகின்றன. யானைகள் தங்கள் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டவை, செந்நாய்கள் தங்கள் பெண்களை வெளியே அனுப்பிவிட்டவை. எந்தப் பக்கமும் முழுசாக நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று வாசகர் உணர இந்த ஒரு ஏற்பாடு போதும். வில்லன் கூட்டத்துக்குப் பாசமே இல்லை என்று எழுதுவது இந்த வகைக் கதைகளில் மிகவும் மலிந்துபோன தவறு. குட்டிக்கு முதல் வாய் கொடுக்கிற எதிரிதான் உண்மையில் பயமுறுத்துவான், ஏனென்றால் அவன் பின்வாங்க மாட்டான்.

அடுத்து நாட்காட்டி. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டு கதையை ஓட்டுங்கள். கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி வழியாக ஓசூர் வனக்கோட்டத்துக்குள் இறங்குவது அக்டோபரை ஒட்டி. ராகி கதிர் பிடித்து முற்றும் காலம் அது. டிசம்பர், ஜனவரி என்று தேன்கனிக்கோட்டை, சானமாவு, சூளகிரி வரை சுற்றும். செந்நாய் குட்டி போடுவது நவம்பரிலிருந்து மார்ச் வரை. பிறந்த குட்டிகள் வளையை விட்டு வெளியேற 70, 80 நாள் ஆகும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பக்கம் கன்றோடு நடக்கும் கூட்டம், மறுபக்கம் வளையை விட்டு நகர முடியாத கூட்டம். இரண்டும் ஓட முடியாது. போருக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை. உங்கள் கதை ஏப்ரலில் தொடங்குவதாகத் தெரிகிறது. அதை ஜனவரிக் கடைசிக்கு இழுத்து, மே மாதக் கோடை மழையில் முடியுங்கள். செந்நாய்ப் படை எவ்வளவு தூரம் போய்த் தாக்கலாம் என்பதையும் இதுவே சொல்லிவிடும்: ஒரே நாளில் போய், வயிற்றில் கறியோடு அன்றே வளைக்குத் திரும்பக்கூடிய தூரம், அவ்வளவுதான். இரண்டு நாள் படையெடுப்பு எழுதினால் குட்டிகள் பட்டினி. அதை வேண்டுமென்றே செய்கிற சித்தப்பா ஒருவனை வைத்தால் அது தவறாக இருக்காது, கதையின் திருப்பமாகவே ஆகிவிடும்.

நீர்நிலையைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் காடுகளின் ஓரமாகவே காவிரி ஓடுகிறது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டவை, பேரிலேயே ஆறு இருக்கிறது. குட்டையும் ஏரியும் வற்றும், சின்னாறு மணலாகும், ஆனால் ஒகேனக்கல்லில் கோடையிலும் தண்ணீர் தெரியும். கூட்டம் நேராகக் காவிரிக்குப் போகாமல் ஏன் ஒரு குட்டைக்காகச் சாகிறது என்று இந்தப் பக்கத்து வாசகர் முதல் அத்தியாயத்திலேயே கேட்பார். ஆற்றுக்கு இறங்கும் ஒரே சரிவை எதிரி பிடித்திருக்கலாம். பிறந்து ஒரு வாரமே ஆன கன்று அந்தப் பாறைச் சரிவில் இறங்க முடியாமல் இருக்கலாம். இரண்டாவது காரணம் மேலானது, ஏனென்றால் அது குடும்பக் காரணம். கூட்டம் முழுக்க ஒரு கன்றின் கால் பலப்படுவதற்காகக் காத்திருக்கிறது, காத்திருப்பதால் போர் வருகிறது. அந்தக் கன்று வளர்ந்து இதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இரண்டாம் பாகம் அங்கே இருக்கிறது.

சண்டையின் எடைக் கணக்கைப் பாருங்கள். வளர்ந்த பெண் யானை 2,700 கிலோ என்றும் ஒரு செந்நாய் 15 கிலோ என்றும் வைத்தால், ஒரு யானைக்குச் சமமாக 180 செந்நாய் வேண்டும். கூட்டத்தில் இருப்பதோ பத்துப் பதினைந்து. நேருக்கு நேர் மோதல் என்று எழுதினால் அரை நிமிடத்தில் போர் முடிந்துவிடும். மந்திரத்தால் செந்நாயைப் பெரிதாக்குவது சுலபமான வழி, ஆனால் கதை அங்கேயே வற்றிவிடும். எடை சமமில்லாததால்தான் இந்தப் போர் கொடுமையாகிறது. செந்நாயால் தொடக்கூடியது கன்றை மட்டும். யானையால் வளைக்குள் நுழைய முடியாது, ஆனால் ஒரு பாறையைப் புரட்டி வளை வாயை அடைத்துவிட முடியும். இரண்டு பக்கமும் குறிவைக்கக்கூடியது பிள்ளைகளை மட்டுமே. அந்தக் கோட்டை முதலில் யார் தாண்டுவது? நாவலின் நடுப்பகுதியில், பெரியாத்தா பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு வளை வாயின் முன் நிற்கும் காட்சி வர வேண்டும். உள்ளே குட்டிகளின் முனகல் அவளுக்குக் கேட்க வேண்டும். தள்ளினாளா இல்லையா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். தள்ளவிட்டால் அவளைப் பதின்ம வயது வாசகர் வெறுத்துவிடுவார் என்று பயப்பட வேண்டாம். அந்த வயதினர் இப்படிப்பட்ட முடிவுகளைத்தான் பெரியவர்களைவிடக் கூர்மையாக விவாதிப்பார்கள்.

இப்போது ஒரு காட்சியைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆபத்து வந்தால் பெரிய பெண் யானைகள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வளையமாக நிற்கும், கன்றுகள் நடுவில். இந்த வளையம் உடையும் காட்சியைப் பலரும் எழுதுவது இப்படி:

"அம்மா, என்னைக் காப்பாற்று!" என்று கன்று அலறியது. "உனக்காக என் உயிரையே தருவேன், மகனே!" என்று பிளிறினாள் தாய். தாய்ப்பாசம் அவளுக்குப் பத்து யானை பலம் தந்தது. செந்நாய்கள் சிதறி ஓடின.

இங்கே பாசம் வண்டிக்குப் போடுகிற டீசலாகிவிட்டது. பாசம் கூடினால் பலம் கூடும் என்றால், எதிரிக்கும் பாசம் உண்டே, அவனுக்கு ஏன் கூடவில்லை? யாரும் எதையும் இழக்கவும் இல்லை. அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்:

வளையத்தில் செவந்தியின் இடம் வடக்கு. இது அவளுக்குத் தலைக்கன்று. பெரியாத்தா சொல்லியிருந்தது ஒன்றுதான்: காலை எடுக்காதே. செந்நாயின் சீட்டி வலப்பக்கம் கேட்டது, பிறகு இடப்பக்கம். முன்கால் இடுக்கில் கன்று முட்டிக்கொண்டே இருந்தது. மடியில் பால் இல்லை, நேற்று மாலையிலிருந்து அவள் தண்ணீரே பார்க்கவில்லை. சட்டென்று முட்டல் நின்றது. திரும்பிப் பார்க்க ஒரு காலை எடுத்தாள். அந்த இடைவெளியில் புகுந்த செந்நாய் அவள் கன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அக்காளின் கன்றைப் பின்காலில் கவ்வியது. செவந்தியின் கன்று நின்றபடியே தூங்கிப்போயிருந்தது.

வித்தியாசம் எங்கே என்று கவனியுங்கள். வளையத்தை உடைத்தது எதிரியின் பலம் இல்லை, தாயின் பாசம். அதற்கு விலை கொடுத்தது அவள் அக்காள். இந்த ஒரு காலடிக்குப் பிறகு அக்காளும் தங்கையும் அடுத்த வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அடுத்த மூன்று அத்தியாயத்துக்கான குடும்பக் கதை தானாக வந்துவிட்டது, எதையும் நிறுத்தி வைத்து விளக்க வேண்டியதில்லை. யானையின் பால்மடி முன்கால்களுக்கு நடுவே இருக்கிறது என்பது போன்ற சின்ன விவரத்தைச் சரியாக எழுதுவதும் முக்கியம். பசுவைப் போலப் பின்னங்காலுக்கிடையில் கன்றை முட்டவிட்டால், யானையைப் பக்கத்தில் பார்த்த ஊர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார்.

தாயை முதல் அத்தியாயத்தில் கொல்வது பற்றி: வேண்டாம். அறிமுகமே ஆகாத ஒருத்தி செத்தால் வாசகருக்கு அது தகவல்தான். மூன்றில் ஒரு பங்கு கதை ஓடிய பிறகு கொல்லுங்கள். அதற்குள் அவளுக்கென்று ஒரு பழக்கத்தை மூன்று முறை காட்டிவிடுங்கள். சேற்றில் இறங்குமுன் தும்பிக்கை நுனியால் மூன்று இடம் தட்டிப் பார்ப்பாள் என்று வையுங்கள். அவள் போன பிறகு, ஒரு நெருக்கடியில், மகள் அதே மாதிரி மூன்று இடம் தட்டிப் பார்க்கிறாள், கூட்டம் பிழைக்கிறது. "அம்மா என்னோடுதான் இருக்கிறாள்" என்ற வசனத்தை அங்கே எழுதிவிடாதீர்கள், ஏற்கெனவே எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள்.

அநாதையாகும் கன்றின் வயதையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு வயதுக்குள் என்றால், பால் சுரக்கும் சித்தியோ பெரியம்மாவோ சேர்த்துக்கொண்டால் ஒழியப் பிழைக்காது. அந்தச் சித்திக்கும் சொந்தக் கன்று இருக்கும், வறட்சியில் இரண்டுக்கும் பால் போதாது. யாருக்கு முதலில்? இதைவிடக் கூர்மையான குடும்பப் பிரச்சினையை நீங்களாகக் கற்பனை செய்து கொண்டுவர முடியாது. மூன்று, நான்கு வயது என்றால் தட்டுத்தடுமாறிப் பிழைக்கும், கதாநாயகக் கன்றுக்கு இது ஏற்ற வயது. எட்டு வயதுக்கு மேல் என்றால் தாயின் சாவு மனதை வாட்டும், உயிருக்கு ஆபத்து இருக்காது. இறந்த உடலை யானைகள் உடனே விட்டுப் போவதில்லை. தொட்டுப் பார்க்கும், சுற்றி நிற்கும், இறந்த கன்றைத் தாய் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் அலைவது பலமுறை பதிவாகியிருக்கிறது. போர்க்கதையில் இதற்கு ஒரு நேரடி விளைவு உண்டு: துக்கம் காக்கும் கூட்டம் நகராது, நகராத கூட்டத்தை எதிரி சுற்றிவளைப்பான். "போகலாம்" என்று முதலில் சொல்பவர் யார், அவரை மற்றவர்கள் மன்னித்தார்களா என்பதை எழுதுங்கள்.

எதிரிதான் உடன்பிறந்தவன் என்கிற திருப்பம் மனிதக் கதையில் ஓடும். விலங்குக் கதையில் மூக்கு குறுக்கே நிற்கும். வாசனையால் சொந்தத்தை அறியும் விலங்கு, பத்து அத்தியாயம் எதிரே நின்று சண்டை போட்டும் தம்பியைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? காட்டுத்தீயின் புகை, ஓயாத மழை, உடம்பெல்லாம் பூசிய சேறு, எப்போதும் காற்று எதிர்ப்பக்கம் வீசுவது என்று மூக்கை அடைக்க ஏதாவது வழி வேண்டும், அதுவும் ஒருமுறைக்கு மேல் செல்லாது. நான் சொல்வது வேறு வழி. செந்நாய்க் கூட்டத்தை விட்டுப் பிரிந்து போவது பெண்கள்தானே? போன வருடம் போன மகளை அடுத்த பள்ளத்தாக்குக் கூட்டத்தின் தாயாக்குங்கள். அப்பாவின் சீட்டி அவளுக்குத் தெரியும், அவள் சீட்டி அப்பாவுக்குத் தெரியும். மறைக்க எதுவுமில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகருக்கும் சொல்லிவிடுங்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணின் நிலை நம் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. கடைசிப் பக்கத்துத் திடுக்கிடலைவிட, அவள் இன்று எந்தப் பக்கம் சீட்டியடிப்பாள் என்று ஒவ்வொரு போரிலும் வாசகர் காத்திருப்பது பெரிய லாபம்.

துணைப் பாத்திரங்களுக்கும் இதே முறைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கரடி தனித்தாய், குட்டிகளை முதுகில் சுமந்து திரிவாள். முதுகில் குட்டியோடு இருப்பவளைத் தூதுவராக வைக்கலாம், படைத்தலைவியாக வைக்க வேண்டாம். நீர்நாய்கள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று கூடவே வாழ்பவை. உங்களுக்குப் பாசமான அப்பா கட்டாயம் வேண்டுமென்றால் அவரைக் காவிரியில் தேடுங்கள். குரங்குக் கூட்டத்தில் மகளுக்குத் தாயின் தகுதி வரும், மகன் வேறு கூட்டத்துக்குப் போவான், அரசியல் வேண்டுமென்றால் அங்கே போங்கள். முதலை எல்லோருக்கும் பயம், ஆனால் பொரிந்த குஞ்சுகளைத் தாடையில் வைத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதும் அதே வாய்தான். ஆற்றங்கரைக் காட்சியில் கன்று ஒன்று இதைப் பார்க்க நேர்ந்தால் போதும், வசனம் வேண்டாம். சிறுத்தைக்குத் தகப்பன் உறவு கிடையாது, புதிதாக வரும் ஆண் குட்டிகளைக் கொல்லவும் செய்யும். பதின்ம வயதுக் கதையில் அதை எவ்வளவு காட்டுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. எல்லா விலங்கும் பேசுகிறது, எல்லாவற்றுக்கும் குடும்பம் உண்டு என்றால் செந்நாய் எதைத் தின்னும்? புள்ளிமான் பேசுமா? இதை முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் சொல்லாமல் விட்டால் கதை முழுக்க நெருடும். பேசும் மானைத் தின்பது என்றால் கொல்லுமுன் அதன் பெயரைக் கேட்பது போன்ற ஒரு நெறியைச் செந்நாய்களுக்கு வையுங்கள், அந்த நெறியை மீறுகிறவன்தான் உண்மையான எதிரி. எது செய்தாலும் சரி, பாதியில் மாற்றக்கூடாது.

மந்திரத்துக்கு வருவோம். இந்த மண்ணில் அதற்கு வெளியே தேடவே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன, தருமபுரி அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை ஆநிரை கவர்ந்த, மீட்ட சண்டையில் இறந்தவர்களுக்கு எடுத்தவை, புலியோடு பொருது மாண்டவர்களுக்கும் உண்டு. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்லே சொல்கிறது. விலங்குகளுக்குப் பெயரும் வீரமும் கொடுத்துப் போர்க்கதை சொல்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. உங்கள் மந்திரத்தை இப்படிக் கட்டிக்கொள்ளலாம்: நடுகல்லைத் தொட்டால் இறந்த முன்னோரின் குரல் கேட்கும், ஆனால் இரத்த உறவுக்கு மட்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தொட்டவர் உயிரோடிருக்கும் ஓர் உறவின் வாசனையை மறந்துபோவார். மந்திரத்துக்குக் குடும்பத்தில் இருந்தே விலை எடுக்க வேண்டும். களைப்பு, மயக்கம் என்று விலை வைத்தால் ஒரு தூக்கத்தில் சரியாகிவிடும். மகளின் வாசனையை மறந்த பெரியாத்தா இருட்டில் அவளையே எதிரி என்று எண்ணித் தாக்கக்கூடும்.

பெயர்களில் கட்டுப்பாடு வேண்டும். 2,000 சொல் போர்க்காட்சியில் நான்கு பெயருக்கு மேல் வாசகர் மனதில் நிற்காது. மற்றவர்களை உறவாலேயே குறியுங்கள்: செவந்தியின் அக்காள், சின்ன மாமன். யாருடைய கண்ணால் காட்சி போகிறதோ அவருக்கு என்ன முறையோ அதே முறையில் கதைசொல்லியும் சொன்னால், யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தனியாகப் பட்டியல் போட வேண்டியிராது. பெரியவர்களைக் கன்றுகள் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. அழைத்தால் அது கலகம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும், கதையில் ஒரே ஒரு முறை அதைப் பயன்படுத்துங்கள். பன்னேருகட்டாப் பக்கம் வளர்ந்த யானைகள் பேச்சில் கன்னடம் கொஞ்சம் கலந்து வரட்டும், தளி, ஓசூர் வாசகருக்கு அது வீட்டுப் பேச்சு. சண்டை நடக்கும்போது ஒரு வசனம் ஐந்தாறு சொல்லைத் தாண்டக்கூடாது. "உனக்காகத்தான் இத்தனையும்" என்பது போன்ற நீண்ட பேச்சுகளைக் காயத்துக்கு மண் பூசும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

திருத்தும்போது முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். முதலில் ஒரு தாளில் இரண்டு கூட்டத்தின் உறவுமுறையையும் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது, பால் கொடுத்தவர் யார், விட்டுப் போனவர் யார் என்று மூன்றே குறிப்பு எழுதுங்கள். அடுத்து ஜனவரியிலிருந்து மே வரை நாட்காட்டி. பிறகு நேராக வளையம் உடையும் அத்தியாயத்துக்கும் வளை வாய் அத்தியாயத்துக்கும் போய் அவற்றைப் புதிதாக எழுதுங்கள். இந்த இரண்டும் நின்றுவிட்டால், இப்போது வாசகர் தள்ளிவிடுகிற குடும்பக் காட்சிகளில் பாதி தேவையில்லாமல் போகும். மீதியில் எதை வைப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்: அடுத்த போரில் யாராவது ஒருவர் நிற்கும் இடத்தை அது மாற்றுகிறதா என்று பாருங்கள். மாற்றாததை வெட்டிவிடலாம்.